நாடில்லாத மொழிக்கு ஒரு கொடி

அலுவலின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகம் விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர்க்கு ஓர் அனுபவம் பொதுவாக உண்டு. புதிய ஊரில், புதிய குடியிருப்பில், மாடிப்படி ஏறிச் செல்கையில், வரிசையாய் அமைந்த கதவுகளுள் ஒன்றன் முன்னே சிறிய மாக்கோலம் ஒன்று கண்ணிற்படும். உடனே உள்ளத்தில் ஒரு நிம்மதி தோன்றும். அவ்வீட்டார் யார், எவ்வூரார் என்பதை நாம் அறியோம். ஆயினும், இக்கதவைத் தட்டலாம், இங்கே நம் மொழியிற் பேசலாம் என்ற துணிவு பிறக்கின்றது. ஒரு சொல்லும் பேசாமல், தரையில் இட்ட வெண்ணிறக் கோடுகளே இத்துணைச் செய்தியையும் நமக்குச் சொல்லிவிடுகின்றன.

கொடி என்பதன் வேலையும் இதுவே. தூரத்தில் நிற்பவனுக்கு, "இங்கே இருப்பவர் இன்னார்" என்று பேசாமலே அறிவிப்பது கொடி. புலியும் கயலும் வில்லும் பொறித்த மூவேந்தர் கொடிகளைப் பற்றி நாம் இளமையிலேயே படித்திருக்கின்றோம். அவை நாட்டுக்கும் அரசுக்கும் உரிய கொடிகள். எல்லை உண்டு, கோட்டை உண்டு, படை உண்டு. அவற்றின் மேலே கொடியும் உண்டு. ஆனால், எல்லையும் கோட்டையும் படையும் இல்லாத ஒரு கூட்டத்தார்க்குக் கொடி வேண்டுமா? வேண்டுமெனில், அதில் எதனைப் பொறிப்பது? மன்னன் இல்லை, மண் இல்லை, மலையில்லை, ஆறில்லை. உள்ளது மொழி ஒன்றுதான். அதுவும் பழமையான மொழியன்று. ஒரு தனி மனிதர் தம் மேசையின் முன் அமர்ந்து ஆக்கிய மொழி.

இப்படிப்பட்ட ஒரு கொடி உண்மையாகவே உலகில் இருக்கின்றது. எஸ்பெராந்தோ என்னும் ஆக்கமொழியைப் பேசுவோரின் பச்சைக்கொடியே அது. அது எவ்வாறு அமைந்தது, அதன் நிறத்துக்கும் வடிவுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது, அதனை ஏந்தியவர்கள் அதன் பொருட்டு என்ன விலை கொடுத்தார்கள் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகின்றோம். சொல்லுக்குப் பொருள் காணும் மொழிபெயர்ப்புத் தொழிலில் நாள்தோறும் உழலும் நமக்கு, ஒரு துணிக்குப் பொருள் வந்த வரலாறு சுவையுடையதாகவே தோன்றிற்று.

எஸ்பெராந்தோவை ஆக்கியவர் லூதவிக் ஸாமென்ஹாப் என்னும் கண் மருத்துவர். அவர் 1859 டிசம்பர் 15-ஆம் நாள் பியாலிஸ்டாக் என்னும் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இன்று போலந்து நாட்டைச் சேர்ந்த அந்நகரம் அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. யூதர், போலந்தியர், ரஷ்யர், ஜெர்மானியர் என நான்கு வகுப்பார் அங்கே அருகருகே வாழ்ந்தனர். ஒவ்வொரு வகுப்பார்க்கும் ஒவ்வொரு மொழி; ஒருவர் மொழியை மற்றவர் ஐயத்தோடு நோக்கினர். தெருவில் மனிதரைக் காண இயலவில்லை, யூதரையும் ரஷ்யரையும் மட்டுமே காண முடிந்தது என்ற வருத்தம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. எவர்க்கும் சொந்தமல்லாத, ஆதலின் எல்லார்க்கும் பொதுவான, ஒரு மொழி இருந்தால் இந்தப் பகைமை குறையுமென்று அவர் நம்பினார்.

அம்மொழியின் முதல் நூல் 1887 ஜூலை மாதத்தில் வார்சா நகரில் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. அப்போது அவர்க்கு வயது 27. அச்சுச் செலவுக்கு மாமனார் வீட்டுப் பணமே உதவிற்று. நூலின் மேல் தம் இயற்பெயரைப் பொறிக்காமல், "டாக்டர் எஸ்பெராந்தோ" என்னும் புனைபெயரைப் பொறித்தார். "நம்பிக்கை கொண்டிருப்பவன்" என்பது அப்பெயரின் பொருள். நாளடைவில் ஆசிரியரின் புனைபெயரே மொழிக்கும் பெயராயிற்று. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடியின் நிறத்தை ஆராயும்போது இப்பெயர் நமக்கு மீண்டும் வேண்டியதாகும்.

இம்மொழிக்கு முன்னரே வேறோர் ஆக்கமொழி ஐரோப்பாவிற் பரவியிருந்தது. ஜெர்மானியக் கத்தோலிக்கப் பாதிரியார் ஷ்லையர் என்பவர் 1879, 1880-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வோலாப்யூக் என்பது அதன் பெயர். பத்தாண்டுக்குள் நூற்றுக்கணக்கான சங்கங்கள் அதற்குத் தோன்றின. 1889-இல் பாரிஸ் நகரில் நடந்த அதன் மாநாட்டில் அம்மொழியிலேயே உரையாடினர். ஆயினும், மொழியில் எந்த மாற்றம் செய்வதானாலும் தம் இசைவு வேண்டும் என்று ஷ்லையர் வற்புறுத்தினார். அங்கத்தினர்கள் அதற்கு உடன்படவில்லை. பூசல் முற்றி, அவ்வியக்கம் விரைவிலேயே சிதைந்தது. ஸாமென்ஹாப் அவ்வழியிற் செல்லவில்லை. மொழியைப் பொதுச் சொத்தென்று தம் முதல் நூலிலேயே அறிவித்து, தம் உரிமையைத் துறந்தார். கொடியின் வரலாற்றுக்கும் இத்துறவு இன்றியமையாத அடிப்படையாகும். மொழி ஆக்கியோனின் சொத்தாக இருந்திருந்தால், கொடியும் அவன் அரண்மனைக் கொடியாகவே முடிந்திருக்கும்.

இனி, நிறத்தின் கதைக்கு வருவோம். பச்சை நிறம் எவ்வாறு வந்தது என்று பிற்காலத்தில் ஸாமென்ஹாப்பையே கேட்டார்கள். 1911-இல் அவர் அளித்த விடை நம்மை வியக்கச் செய்கின்றது. தமக்குச் சரியாக நினைவில்லை என்றே அவர் தொடங்கினார். தம் சிறு நூல் ஒன்று யாதொரு கருத்துமின்றித் தற்செயலாகப் பச்சை அட்டையோடு அச்சாயிற்று என்றும், அதனைக் கண்ட கேகன் என்னும் அன்பர், "இஃது எங்கள் அயர்லாந்தின் நிறமாயிற்றே" என்ற கருத்துப்படச் சொன்னார் என்றும், அதன் பின்னரே பச்சையை நம்பிக்கையின் நிறமாகக் கொள்ளலாம் என்று தமக்குத் தோன்றிற்று என்றும் அவர் எழுதினார். நம்பிக்கையாளனின் மொழிக்கு நம்பிக்கையின் நிறம் பொருந்தியது. அச்சுக்கூடத்தில் கைக்குக் கிடைத்த அட்டையே மொழியின் நிறமாகிவிட்டது.

இந்தக் கேகன் என்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுவது பொருந்தும். ரிச்சர்ட் கேகன், அயர்லாந்துக் குடும்பத்தில் தோன்றி, இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் சீன மொழி பயின்றவர். ஸாமென்ஹாப்பின் முதல் நூலுக்கு வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு மிகவும் மோசமாக இருந்தது. அதனை வெளியிட்டால் ஆங்கிலேயர் நகைப்பார்கள் என்று கேகன் ஆசிரியர்க்கு எழுதினார். ஆசிரியர் அக்கருத்தை ஏற்று, எஞ்சிய படிகளை அழித்துவிட்டு, புதிய மொழிபெயர்ப்பைச் செய்யும் பணியைக் கேகனிடமே ஒப்படைத்தார். அது 1889-இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் பெயர் பெரும்பாலும் நூலின் உள்ளட்டையில் சிறிய எழுத்தில் மறைந்துபோவது உலக வழக்கு. இங்கேயோ ஒரு மொழிபெயர்ப்பாளர் போகிறபோக்கிற் சொன்ன ஒரு சொல், உலகெங்கும் பறக்கும் கொடி ஒன்றிற்கு நிறத்தை அளித்துவிட்டது. எம் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதனைக் கேட்டுச் சிறிது பெருமிதம் கொண்டால் நேயர்கள் பொறுத்தருள்க.

ஐந்து முனை விண்மீனோ வேறொரு வழியாக வந்தது. பிரான்சு நாட்டில் இம்மொழியைப் பரப்பிய தெ போப்ரோன் என்பவர் தம் இலக்கண நூலின் மேல் ஒரு விண்மீனை அச்சிட்டார் என்றும், அது தமக்குப் பிடித்துப்போயிற்று என்றும் ஸாமென்ஹாப் அதே கடிதத்திற் கூறியுள்ளார். பச்சை ஒரு புறத்திலிருந்தும், விண்மீன் மற்றொரு புறத்திலிருந்தும் வந்து, இரண்டும் சேர்ந்து பச்சை விண்மீன் ஆயின. பிற்காலத்தில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். எஸ்பெராந்தோவைத் திருத்தி அமைத்த இடோ என்னும் போட்டிமொழி 1907-இல் எழுந்தபோது, அத்திருத்தங்களைச் செய்தவர் தாமே என்று 1908-இல் அறிவித்தவர் இதே தெ போப்ரோன்தான். விண்மீனைக் கொணர்ந்தவர் பிரிந்து சென்றார்; விண்மீன் தங்கிவிட்டது. ஒரு சின்னத்தைப் பலர் தம்முடையதெனக் கொண்ட பின்னர், அதனைக் கொணர்ந்தவர் தம்முடன் எடுத்துச் செல்ல இயலாது போலும்.

அந்நாளில் இவ்விண்மீன் கொடியாகவில்லை. சட்டையில் அணியும் சிறு சின்னமாகவே விளங்கிற்று. இதன் பயன் வெளிப்படை. எஸ்பெராந்தோ பேசுபவர் முகத்திலோ உடையிலோ வேறு அடையாளம் ஏதும் இல்லை. புகைவண்டியில் எதிரே அமர்ந்திருப்பவர் அம்மொழி அறிந்தவரா என்று எவ்வாறு அறிவது? மார்பில் பச்சை விண்மீன் இருந்தால், பெயரும் ஊரும் கேளாமலே பேச்சைத் தொடங்கிவிடலாம். வாசலில் உள்ள கோலம் நமக்குச் செய்யும் பணியை இது அவர்க்குச் செய்தது.

கொடி பிறந்த இடம் பிரான்சு நாட்டின் வடகடற்கரையில் உள்ள பூலோன்-சுர்-மெர் என்னும் துறைமுக நகரம். அங்கே வழக்கறிஞர் அல்பிரெட் மிஷோ என்பவரின் தலைமையில் எஸ்பெராந்தோ சங்கமொன்று ஊக்கத்துடன் உழைத்து வந்தது. அச்சங்கத்தார் தங்கள் உபயோகத்துக்காக ஒரு கொடியை அமைத்துக்கொண்டனர். பச்சை நிறத் துணி. கொடிமரத்தை ஒட்டிய மேல்மூலையில் வெண்ணிறச் சதுரம். அச்சதுரத்தினுள்ளே பச்சை நிறத்தில் ஐந்து முனை விண்மீன். அமைப்பு இவ்வளவே. 1905 ஆகஸ்டு மாதத்தில் அந்நகரில் உலக எஸ்பெராந்தோ மாநாடு முதன்முறையாகக் கூடிற்று. 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்திருந்தனர். அதுவரை கடிதத்திலும் நூலிலும் மட்டுமே கண்ட மொழியைப் பல நாட்டார் வாயாற் பேசக் கேட்டது அவர்களிற் பலர்க்கு அதுவே முதல் அனுபவம். பேசியது ஒருவர்க்கொருவர் விளங்கிற்று. அந்த மகிழ்ச்சியின் நடுவே, உள்ளூர்ச் சங்கத்தின் கொடியையே உலகத்து எஸ்பெராந்தோவினர் அனைவர்க்கும் உரிய கொடியாக மாநாடு ஏற்றுக்கொண்டது.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொடியை வரைந்தது மொழியை ஆக்கியவர் அல்லர்; அதற்கெனத் தலைநகரில் கூடிய குழுவும் அன்று. சிறு நகரத்துச் சங்கமொன்று தன் வாசலில் ஏற்றிய கொடி, விருந்தினர்களின் கண்ணிற்பட்டு, அவர்கள் மனத்துக்கும் பிடித்து, எல்லார்க்கும் பொதுவாயிற்று. நிறமோ அச்சகத்தாரின் தற்செயல். வடிவமோ ஓர் இலக்கண நூலின் அட்டை. திட்டமிட்டு வந்தது இதில் மிகக் குறைவு. பழகிப் பழகித் தங்கியதே மிகுதி.

அம்மாநாட்டிலேயே கொடியின் பெயரால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. "பச்சைக் கொடியின் கீழ் ஒரு பிரார்த்தனை" என்னும் பொருள்படும் தலைப்பில் ஸாமென்ஹாப் ஒரு கவிதை இயற்றி, தம் தொடக்க உரையின் முடிவில் அதனைப் படிக்க விரும்பினார். பிரெஞ்சு நண்பர்களோ அஞ்சினர். யூதர் வெறுப்பு பிரான்சில் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஒரு மொழி மாநாட்டில் பிரார்த்தனை எதற்கு, உலகத்தார் நகைப்பார்களே என்று அவர்கள் தடுத்தனர். அவர் கவிதையைக் கைவிட இசையவில்லை. ஆயினும் கிறிஸ்தவரும் யூதரும் முகம்மதியரும் கடவுளின் மக்களே என்ற கருத்தமைந்த இறுதிச் செய்யுளை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சியதைப் படித்தார். ஆக்கியோன் கொடியில் கண்டது மனித குலத்தின் சகோதரத்துவம். உடனிருந்தோர் கண்டது பயன்தரும் மொழிக்கருவி ஒன்றன் அடையாளம். ஒரே துணியின் கீழ் இரு கருத்துக்களும் நின்றன. மாநாடு முடிவில் வெளியிட்ட அறிக்கையோ, நடுநிலையான மொழியொன்றைப் பரப்புவதே எஸ்பெராந்தோவினரின் நோக்கம், அதனோடு ஒருவர் இணைக்கும் வேறு கொள்கை எதுவும் அவரவர் சொந்த விஷயம் என்று தெளிவாக்கிவிட்டது. கொடியின் பரப்பில் பொருளை மிகுதியாக எழுதாமல் விட்டதனாலேயே பலரும் அதன் கீழ் நிற்க முடிந்தது.

கொடி அமைப்பதற்கும் சில விதிகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, எளிமை. ஒரு சிறுவன் ஒருமுறை பார்த்துவிட்டு நினைவிலிருந்தே வரையக்கூடியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, நிறங்கள் குறைவாகவும், ஒன்றுக்கொன்று எடுப்பாகவும் அமைதல் வேண்டும். காற்றில் மடிந்து கிடக்கும்போதும், தூரத்திலிருந்து நோக்கும்போதும் நிறமே முதலிற் பேசும். மூன்றாவது, எழுத்தும் சொல்லும் கொடியில் வேண்டா. கொடிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. முன்பக்கத்தில் நேராகத் தெரியும் எழுத்துப் பின்பக்கத்தில் இடவலம் மாறித் தெரியும். எஸ்பெராந்தோக் கொடியின் தொடக்க வடிவில் விண்மீனின் மேலே "ஈ" என்னும் ரோமன் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. நாளடைவில் அவ்வெழுத்து மறைந்தது. விண்மீன் மட்டும் நின்றது. எழுத்தறியாதவர்க்கும் ரோமன் எழுத்தே அறியாத ஆசிய நாட்டவர்க்கும் விண்மீன் விளங்கும், எழுத்து விளங்காது.

இவ்விதிகளை நம் தேசியக் கொடியிலும் காணலாம். 1931-இல் காங்கிரஸ் மகாசபை ஏற்ற கொடியின் நடுவில் இராட்டை இருந்தது. இராட்டையின் ஒரு புறம் சக்கரமும் மறுபுறம் கதிரும் இருத்தலால், கொடியின் ஒரு பக்கம் போல் மறு பக்கம் தோன்றாது. 1947 ஜூலை 22-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தைக் கொணர்ந்தபோது ஜவாஹர்லால் நேரு இக்காரணத்தையே எடுத்துரைத்து, இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும் அசோகச் சக்கரம் ஏற்கப்பட்டதை விளக்கினார். மேலும், 1931-ஆம் ஆண்டுத் தீர்மானம் நிறங்களுக்கு வகுப்புவாதப் பொருள் ஏதும் இல்லை என்றும், காவி தைரியத்தையும் தியாகத்தையும், வெண்மை உண்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் வீரத்தையும் குறிக்கும் என்றும் வரையறுத்தது. நிறம் முன்னரே இருந்தது. பொருள் பின்னர்த் தெளிவாக்கப்பட்டது. இஃது ஏமாற்றன்று. ஒரு சமுதாயம் தன் சின்னத்தை நோக்கி, "இனி இதனை நாம் இவ்வாறு பொருள் கொள்வோம்" என்று உடன்பாடு செய்துகொள்வதே ஆகும். சொற்களும் இவ்வாறே பொருள் பெறுகின்றன அன்றோ!

எஸ்பெராந்தோக் கொடிக்கும் இவ்விதமே பொருள் கூறப்பட்டது. பச்சை நம்பிக்கை; வெண்மை அமைதியும் நடுநிலையும்; விண்மீனின் ஐந்து முனைகள், பழைய கணக்கின்படி, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஓசியானியா என்னும் ஐந்து கண்டங்கள். அட்டையில் விண்மீனை அச்சிட்டவர் கண்டங்களை எண்ணி அச்சிட்டாரா என்று வினவுதல் பயனற்றது. இன்று அதனை ஏந்துவோர் எண்ணுகின்றனர், அதுவே போதும்.

ஆயினும், கொடியின் பொருளைக் கொடியேந்துவோர் மட்டும் தீர்மானிப்பதில்லை, பகைவரும் தீர்மானிக்கின்றனர். எந்த நாட்டுக்கும் உரியதல்லாத கொடி, எல்லா நாட்டின் ஐயத்துக்கும் இலக்காகும். ஹிட்லர் தம் நூலிலேயே இம்மொழியை யூதரின் சூழ்ச்சிக் கருவியென்று எழுதினார். 1936-இல் ஜெர்மனியில் எஸ்பெராந்தோச் சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. சோவியத் நாட்டில் முதலில் ஆதரவு பெற்ற இயக்கம், 1937, 1938-ஆம் ஆண்டுகளில் ஸ்டாலினின் களையெடுப்பில் அழிந்தது. அதன் தலைவர் எர்னெஸ்ட் திரேசன் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நாட்டில் யூதச் சதி என்றும், மற்றொரு நாட்டில் அந்நிய ஒற்றர் வேலை என்றும் ஒரே விண்மீன் குற்றஞ்சாட்டப்பட்டது. வெளிநாட்டு நண்பர்களுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததே பலர்க்குப் பெருங்குற்றமாயிற்று.

ஸாமென்ஹாப் 1917-இல் வார்சாவில் இறந்துவிட்டமையால் இவற்றைக் காணவில்லை. அவர் பெற்ற மூன்று மக்களும் தப்பவில்லை. தந்தையைப் போன்றே கண் மருத்துவராகிய மகன் ஆதாம் 1940-இல் நாஜிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸோபியா, லிடியா என்னும் புதல்வியர் இருவரும் 1942-இல் திரெப்ளிங்கா கொலைக்கூடத்தில் மாண்டனர். லிடியா பல நாடுகளுக்குச் சென்று இம்மொழியைக் கற்பித்தவர். சட்டையில் அணியும் சிறு விண்மீனுக்கு இத்துணை விலை இருக்குமென்று பூலோன் நகரில் கூடிய 688 பேரில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

போர் முடிந்தபின் அக்கொடி மீண்டும் உயர்ந்தது. 1954-இல் மாண்டிவிடியோ நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாடு எஸ்பெராந்தோவின் பணியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1987-இல் மொழியின் நூற்றாண்டு விழா வார்சாவில் நடந்தபோது ஏறத்தாழ 6,000 பேர் கூடினர். நூற்றாண்டுக்கென்று புதிய சின்னமும் அமைந்தது. ரோமன் லிபியின் "ஈ" எழுத்தும், ரஷ்ய லிபியில் அதற்கு எதிர்த்திசை நோக்கும் எழுத்தும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதாக அது வரையப்பட்டது. கிழக்கும் மேற்கும் கைகோத்து நிற்பது அதன் கருத்து. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து கிடந்த காலத்தில் அக்கருத்து ஆழ்ந்த பொருளுடையது. கொடியும் விண்மீனும் ஏதோ ஒரு தேசத்தினுடையவை போல் தோன்றுகின்றன, விண்மீன் அரசியற் கட்சிகளை நினைவூட்டுகின்றது என்று கருதுவோர் புதிய சின்னத்தை விரும்பினர். அது முலாம்பழம் போல் உள்ளது என்று நகையாடியவர்களும் உளர். விவாதம் இன்னும் தீரவில்லை. எனினும் பழைய பச்சைக்கொடி இறங்கவில்லை. அதன் பொருட்டுத் துன்புற்றோரின் நினைவும் இப்போது அதில் படிந்துவிட்டது. புதுச் சின்னத்தில் அதனை வரைய இயலாது.

எஸ்பெராந்தோவைத் தவிரப் பொழுதுபோக்காகவும் கலையாகவும் புதுமொழிகளை ஆக்குவோர் கூட்டமொன்றும் இன்று உலகில் உண்டு. அவர்களும் தமக்கெனக் கொடி ஒன்றை வைத்துள்ளனர். உதயசூரியனின் முன்னே பாபேல் கோபுரம் நிற்பதாக அமைந்தது அது. பாபேல் கோபுரத்தைக் கட்டியோரின் செருக்கை அடக்க அவர்தம் மொழிகளைக் கடவுள் குழப்பினார் என்பது விவிலியக் கதை. பிறர் சாபமென்று கொண்டதை அவர்கள் தம் கொடியில் வரமெனப் பொறித்துக்கொண்டார்கள்! உலகுக்கு ஒரு பொதுமொழி வேண்டுமென்பது பச்சைக்கொடியின் ஆசை. மொழிகள் பலவாயிருத்தலே அழகு என்பது கோபுரக்கொடியின் கொள்கை. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டும் கொடி என்ற அளவில் ஒரே பணியையே செய்கின்றன. தனித்தனியே சிதறிக் கிடப்போரைக் கூட்டுகின்றன.

1980-இல் பின்லாந்து நாட்டின் ரௌமா நகரில் கூடிய எஸ்பெராந்தோ இளைஞர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். உலகம் முழுவதும் இம்மொழியை ஏற்கும் நாளுக்காகக் காத்திருப்பதிலும், இன்று இருக்கும் தம் சமூகத்தைப் பேணுவதே மேல் என்பது அதன் கருத்து. அதில் அவர்கள் தம்மைத் தாமே தேர்ந்துகொண்டு சிதறி வாழும் மொழிச் சிறுபான்மையினர் என்று கூறிக்கொண்டனர். இத்தொடரை மொழிபெயர்க்கும்போது நம் கை சற்றே நின்றது. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் பிற ஊர்களிலும் வாழும் நம்மையும் இத்தொடர் ஓரளவு சுட்டுகின்றது அன்றோ? ஆனால் வேறுபாடும் பெரிது. நமக்குத் திரும்பிச் செல்ல ஒரு மண் இருக்கின்றது. நம் மொழி நாம் தேர்ந்துகொண்டதன்று, தாய்ப்பாலோடு வந்தது. அவர்களோ வளர்ந்தபின் விரும்பிக் கற்று, அதனால் உறவினராயினர். இந்தியரும் அவ்வுறவில் உளர். வங்கத்து மொழியியலறிஞர் பிரபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராந்தோ சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

முடிவில் நம் கோலத்துக்கே திரும்புவோம். தலைநகருக்கு மாற்றலாகி வந்த புதிதில், எம் குடியிருப்பின் மேல்மாடியில் கோலமிட்ட வாசல் ஒன்றைக் கண்டு, தமிழர் வீடென்று துணிந்து கதவைத் தட்டினோம். திறந்த அம்மையார் தெலுங்கு நாட்டவர். நாம் வெட்கி நின்றோம். அவரோ, "உள்ளே வாருங்கள், காப்பி அருந்திச் செல்லலாம்" என்று இந்தியில் அழைத்தார். அன்று தொடங்கிய நட்பு இன்றும் குறையவில்லை. சின்னம் நம்மை ஏமாற்றியதாக நாம் கருதவில்லை. யார் வீடு என்பதில் நாம் பிழைபட்டோம். தட்டலாம் என்பதில் பிழைபடவில்லை.

கொடி எதுவாயினும், அது நாட்டினதாயினும் மொழியினதாயினும், அதனை அளக்கும் கோல் இதுவே எனலாம். உள்ளே இருப்பவர்க்குத் தாம் தனியர் அல்லர் என்னும் ஆறுதலையும், வெளியே நிற்பவர்க்குத் தட்டலாம் என்னும் துணிவையும் ஒருங்கே அளிப்பதே நல்ல கொடி. பியாலிஸ்டாக் நகரத்துத் தெருக்களில் இளைஞர் ஸாமென்ஹாப் காண விரும்பியதும் அத்தகைய கதவுகளையே ஆகும்.